குழந்தை உள்ளமும் முதிர்ந்த விசுவாசமும்

முதல் வகுப்புக் குழந்தைகளை ஒரு நாள் மாலை எங்கள் பள்ளிச் சிற்றாலயத்துக்கு அழைத்துச் சென்றோம். நற்கருணைப் பேழையின் அருகில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கைக் காட்டி, "இந்த விளக்கு எரிந்தால் இயேசுசாமி உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்" என்று சொல்லிக் கொடுத்தோம். உடனே ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "டீச்சர், ராத்திரி கரண்ட் போயிட்டா சாமி இருட்டுல தனியா இருப்பாரே, பயப்பட மாட்டாரா?" என்று கேட்டாள். நாங்கள் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு சிறுமி, தேவமாதாவின் சுரூபத்தைக் கைநீட்டிக் காட்டி, "அவங்க அம்மா பக்கத்துலயே இருக்காங்களே!" என்றாள். கேள்வி கேட்டவளுக்கு அதுவே போதுமாயிருந்தது. திருப்தியோடு உட்கார்ந்துவிட்டாள்.

மறைக்கல்வி ஆசிரியைகளாகிய நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அதே வாரத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி எங்கள் சிரிப்பை நிறுத்திச் சிந்திக்க வைத்தது. மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட வந்த ஒரு தாய், எல்லாரும் போன பிறகு தயங்கி நின்றார். முந்தின வருடம் கணவரை இழந்தவர். "சிஸ்டர், நானும் இந்தப் பள்ளியில் படித்தவள்தான். அந்த நாளில் கோவிலில் முழங்காலிட்டால் சாமி பக்கத்தில் நிற்பது போலிருக்கும். இப்போது சுவரைப் பார்த்துப் பேசுவது போலிருக்கிறது. ஆனாலும் மகளைத் தினமும் செபமாலை சொல்லச் சொல்கிறேன். அவளை ஏமாற்றுகிறேனோ என்று பயமாயிருக்கிறது" என்றார்.

ஒரு பக்கம், விளக்கு அணைந்தால் சாமி பயப்படுவாரே என்று கவலைப்படும் குழந்தை. மறு பக்கம், விளக்கு எரிந்தும் எதுவும் தெரியவில்லையே என்று கலங்கும் தாய். இந்த இருவருக்கும் இடையில் நடந்தது என்ன? அந்தக் குழந்தை உள்ளத்தைப் பெரியவர்கள் திரும்பப் பெற முடியுமா? அந்தத் தாய்க்கு அன்று எங்களால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த முறை வரும்போது சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டு, நாங்கள் படிக்க உட்கார்ந்தோம். படித்ததை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஆண்டவர் கேட்டது எந்தக் குழந்தையை?

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். விண்ணரசில் யார் பெரியவன் என்று சீடர்கள் கேட்கிறார்கள். ஆண்டவர் ஒரு சிறு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவில் நிறுத்துகிறார். மனந்திரும்பி இப்படிச் சிறியவர்களாக ஆகாவிட்டால் அந்த அரசில் நுழையவே முடியாது என்கிறார். பெரியவன் யார் என்ற கேள்விக்கு, நுழைவதே எப்படி என்று பதில் வருகிறது. சீடர்கள் திகைத்திருப்பார்கள்.

அந்தக் காலத்துச் சமூகத்தில் பிள்ளைக்குச் சொத்தும் இல்லை, சபையில் சொல்லும் இல்லை. உண்பதும் உடுப்பதும் தகப்பன் கையிலிருந்து வரவேண்டும். ஆகவே ஆண்டவர் பிள்ளையைக் காட்டியபோது, களங்கமில்லாத முகத்தை மட்டும் காட்டவில்லை. தன்னிடம் ஒன்றுமில்லை என்று அறிந்து, கொடுப்பவரை நம்பிக் கை நீட்டும் நிலையைக் காட்டினார்.

ஆனால் புனித சின்னப்பரோ, கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், தாம் பெரியவனானபோது குழந்தைத்தனங்களை விட்டுவிட்டதாக 13ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே, தீமையைப் பொறுத்தவரை குழந்தைகளாகவும் சிந்திப்பதில் முதிர்ந்தவர்களாகவும் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறார். ஆண்டவர் குழந்தையாகச் சொல்கிறார். அவருடைய அப்போஸ்தலர் குழந்தைத்தனத்தை விடச் சொல்கிறார். இது முரண்பாடா? இல்லை. குழந்தை உள்ளம் வேறு, குழந்தைத்தனம் வேறு. இந்த வேறுபாட்டைத் தம் வாழ்க்கையாலேயே நமக்குக் காட்டியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் குழந்தை இயேசுவின் புனித தெரேசாள்.

நட்சத்திரம் பார்த்த சிறுமி

தெரேசாள் 1873 ஜனவரி 2ஆம் நாள், பிரான்சு நாட்டில் அலென்சோன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரம் செய்பவர். தாய் செலி, அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த லேஸ் பின்னும் தொழிலை நடத்தியவர். அவர்களுக்குப் பிறந்த 9 குழந்தைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். எஞ்சிய 5 பெண்களில் தெரேசாள் கடைசி. அவருக்கு நான்கரை வயதாகும்போது, 1877 ஆகஸ்டு 28ஆம் நாள், மார்பகப் புற்றுநோயால் தாயும் இறந்தார். குடும்பம் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது.

லிசியேயில் ஞாயிறு மாலைகளில் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பிய நேரங்களைத் தெரேசாள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். வானத்தில் நட்சத்திரங்கள். வேட்டைக்காரன் என்று நாம் சொல்லும் நட்சத்திரக் கூட்டத்தில் சில நட்சத்திரங்கள் சேர்ந்து தம் பெயரின் முதல் எழுத்தைப் போல இருப்பதைக் கண்டு, "அப்பா, என் பெயர் வானத்தில் எழுதியிருக்கிறது" என்னும் கருத்தில் துள்ளுவாராம். பிறகு, இந்தத் தரையைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை, நீங்களே என்னை நடத்திச் செல்லுங்கள் என்று தந்தையிடம் சொல்லிவிட்டு, கால் எங்கே படுகிறது என்று பாராமல், முகத்தை மேலே நிமிர்த்தியபடியே நடப்பாராம்.

இந்தச் சிறிய காட்சியைச் சற்று நின்று கவனிப்போம். மேலே பார்ப்பது வியப்பு. கையைப் பிடித்திருப்பது நம்பிக்கை. கை பிடித்திருப்பதால்தான் மேலே பார்க்க முடிகிறது. கையை விட்டுவிட்டால் கல்லும் பள்ளமும்தான் கண்ணுக்குத் தெரியும். நாம் வளர வளர வானத்தில் நட்சத்திரங்கள் குறைந்துவிடவில்லை. நம் கை எதையும் பிடித்திராததால் நம் கண்கள் தரையை விட்டு எழ மறுக்கின்றன. பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, மகளின் திருமணம், மருத்துவச் செலவு என்று தரையைப் பார்த்தே நடந்து பழகிவிட்டோம். பார்த்துத்தான் நடக்கவேண்டும், அது பெரியவர்களின் கடமை. ஆனால் தனியாக நடக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு நடப்பதுதான் நம்மை வாட்டுகிறது.

குழந்தைத்தனத்தை விட்ட இரவு

தாயை இழந்த நாளிலிருந்து தெரேசாள் தொட்டதற்கெல்லாம் அழும் பெண்ணாக மாறிவிட்டார். தவறிப்போய் யாரையாவது வருத்திவிட்டால் அழுவார். அது ஓய்ந்ததும், அழுதுவிட்டோமே என்று மறுபடியும் அழுவார். தமக்கு அந்தக் குறை இருந்ததை அவரே மறைக்காமல் எழுதுகிறார்.

1886ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவு. அவருக்கு 14 வயது நிறைய இன்னும் சில நாட்களே இருந்தன. நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு திரும்பினார்கள். அந்நாட்டுக் குழந்தைகள் கணப்படுப்பின் அருகில் காலணிகளை வைப்பார்கள். பெற்றோர் அவற்றில் பரிசுகளை நிரப்பி வைப்பார்கள். கடைக்குட்டி என்பதால் தெரேசாளுக்கு அந்த வழக்கம் அப்போதும் நடந்துவந்தது. களைத்திருந்த தந்தை, நல்ல வேளை, இந்த ஆண்டோடு இது முடிகிறது என்று சலித்துச் சொன்னது மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த மகளின் காதில் விழுந்தது. கண்ணில் நீர் முட்டியது. இப்போது கீழே போகாதே என்று அக்காள் செலின் தடுத்தாள். ஆனால் தெரேசாள் கண்ணீரை விழுங்கிக்கொண்டு கீழே ஓடினார். தந்தையின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு பரிசாக எடுத்து மகிழ்ச்சியோடு காட்டினார். தந்தையும் சிரித்துவிட்டார். நான்கரை வயதில் இழந்த மனவலிமையை அன்றிரவு திரும்பப் பெற்றதாகத் தெரேசாள் சொல்கிறார்.

மாணவிகளே, இங்கே நடந்ததைக் கவனியுங்கள். "என் மனம் புண்படுகிறது, எல்லாரும் என்னைத் தேற்ற வேண்டும்" என்பது குழந்தைத்தனம். அது அன்றிரவு போயிற்று. களைத்துப்போன தந்தையின் மனத்தைத் தேற்ற மகள் கீழே ஓடினாள், அதுதான் வளர்ச்சி. ஆனால் அவர் பரிசுகளைத் தூக்கி எறியவில்லை, "எனக்கு இதெல்லாம் எதற்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. மகிழத் தெரிந்த உள்ளம் அப்படியே இருந்தது. பெரியவள் ஆவதென்றால் வியப்பைத் தொலைத்துவிட வேண்டும் என்று நினைத்து, எதைப் பார்த்தாலும் உதட்டைப் பிதுக்கும் பழக்கம் உயர்வகுப்பு மாணவிகளிடம் சில சமயம் வருவதுண்டு. குழந்தைத்தனத்தை அப்படியே வைத்துக்கொண்டு குழந்தை உள்ளத்தைத் தொலைப்பதற்குத்தான் அது வழி.

படிக்கட்டும் மின்தூக்கியும்

1888 ஏப்ரல் 9ஆம் நாள், 15ஆம் வயதில், தெரேசாள் லிசியே கார்மேல் மடத்தில் நுழைந்தார். அடுத்த ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் துறவற உடை பெற்றார். பனிமழை என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. அன்று பனி பெய்யவேண்டும் என்று விரும்பினார்; ஆனால் காலநிலை வெதுவெதுப்பாக இருந்தது. சடங்கு முடிந்து மடத்தின் உள்முற்றத்துக்கு வந்து பார்த்தால் எங்கும் வெண்பனி! தம் ஆண்டவர் தமக்குக் கொடுத்த பரிசாகவே அதை எடுத்துக்கொண்டார்.

ஆனால் ஒரு மாதம் கழித்து நடந்தது என்ன? ஞாயிறு மாலைகளில் அவரை நடத்திச் சென்ற அதே தந்தை மனநோய்க்கு ஆளாகி, 1889 பிப்ரவரியில், கான் நகரிலிருந்த மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். பிள்ளைகள் மடத்துக்குப் போனதால்தான் இப்படி ஆயிற்று என்ற பேச்சும் அவர்கள் காதில் விழுந்தது. 1894 ஜூலை 29ஆம் நாள் அவர் இறந்தார். தாம் பிடித்திருந்த கை நடுங்கித் தளர்ந்ததைத் தெரேசாள் கண்டார். "நம்பிக்கை என்று பேசுகிறவர்களுக்குத் துன்பம் தெரியாது" என்று நாம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. இவருக்கு அது நன்றாகவே தெரியும்.

அந்த நாட்களில்தான் அவர் தமது 'சிறிய வழி'யைக் கண்டுபிடித்தார். புனிதர்களோ மலையைப் போன்றவர்கள், நானோ காலடியில் மிதிபடும் மணல் போன்றவள் என்று அவர் தம்மை ஒப்பிட்டுப் பார்த்தார். ஆனால் மனந்தளரவில்லை. அது புதுக் கண்டுபிடிப்புகளின் காலம். செல்வர் வீடுகளில் படியேறத் தேவையில்லாமல் மின்தூக்கிகள் வந்திருந்தன. நிறைவின் செங்குத்தான படிகளில் ஏற வலுவில்லாத எனக்கும் ஒரு மின்தூக்கி வேண்டுமே என்று அவர் வேதாகமத்தில் தேடினார். 1894இல் மடத்தில் சேர்ந்த அக்காள் செலின், பழைய ஏற்பாட்டுப் பகுதிகளை எழுதிய குறிப்பேடுகளைக் கொண்டுவந்திருந்தாள். அவற்றில் இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று, சிறியவரைத் தன்னிடம் வரச்சொல்லும் நீதிமொழி. இன்னொன்று, தாய் தன் பிள்ளையைத் தேற்றுவதுபோல் இறைவன் தம் மக்களை மார்பில் சுமந்து மடியில் தாலாட்டுவார் என்னும் இசையாசின் வாக்கு. இயேசுவின் கரங்களே எனக்கு மின்தூக்கி, அதில் ஏற நான் பெரியவளாகத் தேவையில்லை, சிறியவளாகவே இருந்தால் போதும் என்று அவர் முடிவுசெய்தார்.

அப்படியானால் நாம் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கலாமா? தம்மிடம் பயிற்சி பெற்ற ஒரு நவகன்னிக்கு அவர் இன்னோர் உவமை சொன்னார். மாடிப்படியின் கீழே நிற்கும் சிறு குழந்தை, மேலே இருக்கும் தாயிடம் போக ஆசைப்பட்டு முதல் படியில் காலைத் தூக்கி வைக்கப் பார்க்கிறது. முடியவில்லை, விழுகிறது. மறுபடியும் தூக்குகிறது. அந்தக் குழந்தையாக இரு. காலைத் தூக்கிக்கொண்டே இரு. உன்னால் முதல் படிகூட ஏற முடியாது, ஆனால் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் இறைவன் இறங்கி வந்து உன்னைத் தூக்கிக்கொள்வார் என்றார். முயற்சியை விடாதே, அதே சமயம் முயற்சியையே நம்பாதே என்பதுதான் இதன் பொருள்.

சுவருக்கு முன்னால்

இனி, அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்.

1896ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவு, படுக்கையில் தலை சாய்த்த தெரேசாளின் வாயில் இரத்தம் வந்தது. காசநோய் வெளிப்பட்டது. அடுத்த சில நாட்களில், உயிர்த்த ஞாயிறு விழாக் காலத்திலேயே, இன்னும் பெரிய சோதனை வந்தது. மோட்சத்தைப் பற்றிய நினைவே அவருக்கு அதுவரை இனிமையாக இருந்தது. இப்போதோ எல்லாம் இருண்டது. நீ எதிர்பார்ப்பது ஒன்றுமில்லை, சாவுக்குப் பின் இன்னும் ஆழமான இருள்தான் என்று உள்ளே ஒரு குரல் ஏளனம் செய்தது. இது எனக்குத் திரை அல்ல, வானம்வரை எழுந்து நிற்கும் சுவர் என்று அவர் எழுதினார்.

சுவர்! அந்தத் தாய் சொன்ன அதே சொல். இதைப் படித்தபோது நாங்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் மௌனமாக இருந்தோம்.

அந்தச் சுவருக்கு முன்னால் அவர் என்ன செய்தார்? விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் செய்ததைவிட அதிகமான விசுவாச முயற்சிகளை அந்த ஓராண்டில் செய்ததாகச் சொன்னார். விசுவாசமில்லாதவர்களை இகழவில்லை, அவர்களுடைய மேசையில் அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் உண்ணும் கசப்பான அப்பத்தை உண்பதாகவும், அவர்களைத் தம் சகோதரராகவே எண்ணி மன்றாடுவதாகவும் எழுதினார். மோட்சத்தின் மகிழ்ச்சியைப் பாடும்போது தமக்கு அந்த மகிழ்ச்சி தோன்றுவதில்லை, தாம் விசுவசிக்க விரும்புவதையே பாடுவதாகச் சொன்னார்.

நம்பிக்கை என்பது உணர்ச்சி அல்ல. இருட்டில் கூட வருகிற தகப்பனின் முகம் குழந்தைக்குத் தெரிவதில்லை. ஆனாலும் கையை விடுவதில்லை. அந்த விடாத கைதான் நம்பிக்கை. சுவரைப் பார்த்துப் பேசுகிறவர், பேசுவதை நிறுத்தாதவரையில், யாரையும் ஏமாற்றவில்லை.

இருளிலும் வியப்பு இருந்ததா? இருந்தது. 1897 ஜூன் மாதம், நோய் முற்றிய நிலையில், தோட்டத்தில் சகோதரியின் துணையோடு மெல்ல நடந்துகொண்டிருந்தார். ஒரு வெள்ளைக் கோழி தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத் தெரேசாள் அழுதார். ஏன் என்று கேட்டபோது, ஆண்டவர் தம் அன்பைக் காட்ட இந்த உவமையைத்தானே எடுத்துக்கொண்டார், என் வாழ்நாள் முழுவதும் அவர் இப்படித்தானே என்னைத் தம் சிறகுக்குள் மறைத்துவைத்திருந்தார் என்று சொன்னார். கோழியும் குஞ்சுகளும் நம் வீட்டு முற்றத்திலும் உண்டு. எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! மோட்சம் தெரியாமல் சுவர் மறைத்திருந்த அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கோழிச் சிறகில் இறைவன் தெரிந்தார்.

1897 செப்டம்பர் 30ஆம் நாள், கையிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்து, இறைவா உம்மை அன்பு செய்கிறேன் என்று சொல்லி உயிர்விட்டார். வயது 24. மறு ஆண்டு அவருடைய கையெழுத்துப் பிரதிகள் 2000 படிகள் அச்சிடப்பட்டன. இன்று அந்நூலை உலகெங்கும் படிக்கிறார்கள். 1925 மே 17ஆம் நாள் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். மடத்தை விட்டு வெளியே போகாத இவரை, நம் முத்துக்குளித்துறையில் கால்நடையாய் நடந்து ஞானஸ்நானம் கொடுத்த புனித சவேரியாரோடு சேர்த்து, 1927இல் மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலி ஆக்கினார். 1997இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் இவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார். குழந்தையாக இருக்கக் கற்றவர் பெரிய வல்லுநர்களுக்கு ஆசிரியையாகிவிட்டார்! அவருடைய பெற்றோரும் 2015இல் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள்.

நாம் செய்யக்கூடியவை

1. நாளில் ஒன்றையாவது நின்று பாருங்கள். மழைக்குப் பின் வேப்பிலையில் தொங்கும் துளி, கோலத்தில் மொய்க்கும் எறும்பு, தூங்கும் தம்பியின் முகம், எதுவாக இருந்தாலும் சரி. பார்த்துவிட்டு, "நன்றி, ஆண்டவரே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வியப்பு வானத்திலிருந்து விழாது; நின்று பார்க்கும் பழக்கத்தில் வளரும்.

2. செபத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தெரேசாள் பல ஆண்டுகள் தியான நேரத்தில் தூங்கிவிழுந்தார். அதற்காகக் கலங்கவில்லை, விழித்திருந்தாலும் தூங்கினாலும் பிள்ளை பெற்றோருக்குப் பிரியமானதுதானே என்றார். களைப்பு என்றால் களைப்பு, கோபம் என்றால் கோபம் என்று சொல்லலாம். குழந்தை தாயிடம் நடிப்பதில்லை.

3. முதல் படிக்குக் காலைத் தூக்குங்கள். துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற சகோதரி அழுக்குத் தண்ணீரைத் தம் முகத்தில் தெறிக்கவிட்டபோது, முகத்தைத் துடைத்துக் காட்ட வேண்டும் என்று தெரேசாளுக்குத் தோன்றியது. அப்படிச் செய்யாமல் பொறுத்துக்கொண்டார். உங்கள் வகுப்பிலும் விடுதியிலும் அடுக்களையிலும் இப்படித் தண்ணீர் தெறிக்கும் தருணங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் சிறு எரிச்சலைப் பொறுப்பது வேறு, அநியாயத்தை மறைப்பது வேறு. உங்களுக்குத் தீங்கு நேர்ந்தால் தயங்காமல் பெற்றோரிடமோ ஆசிரியையிடமோ சொல்லிவிடுங்கள்.

4. வறண்ட நாட்களில் விசுவாசப் பிரமாணத்தை மெதுவாகச் சொல்லுங்கள். உணர்ச்சி வரும்வரை காத்திருக்க வேண்டாம். நம்மால் தனியாகச் சொல்ல முடியாதபோது திருச்சபை முழுவதும் நம்மோடு சேர்ந்து சொல்கிறது.

5. பெற்றோரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. தெரேசாளுக்கு இறைவனைத் தந்தை என்று நம்புவது எளிதாக இருந்ததென்றால், ஞாயிறு மாலைகளில் அவர் கையைப் பிடித்திருந்த ஒரு தந்தை இருந்தார் என்பதை மறக்கவேண்டாம். பிள்ளைகளின் நம்பிக்கை நம் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள். அவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதும், அவர்கள் கேட்கும் கேள்விகளைச் சிரித்துத் தள்ளாமல் கேட்பதும், அவர்களுக்கு நாம் செய்யும் முதல் மறைக்கல்வி. சிறியவருக்கு இடறலாய் இருப்பவரைப் பற்றி அதே 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எவ்வளவு கடுமையாகப் பேசுகிறார் என்பதையும் படித்துப் பாருங்கள்.

முடிவாக

அரையாண்டுத் தேர்வு முடிந்து அந்தத் தாய் மறுபடியும் வந்தார். படித்ததையெல்லாம் சொன்னோம். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், "சிஸ்டர், அந்தச் சுவர் கடைசியில் இடிந்ததா?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் பொய் சொல்லவில்லை. சாகும்வரை இருள் அவரை விட்டு விலகியதாகத் தெரியவில்லை, ஆனால் அவரும் கையை விடவில்லை என்றோம். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்படியானால் எனக்கும் இடம் உண்டு" என்றார்.

இப்போது முதல் வெள்ளிக்கிழமைகளில் மாலை அவர் சிற்றாலயத்துக்கு வருகிறார். கடைசி பெஞ்சில் உட்காருகிறார். "செபிக்க இன்னும் வரவில்லை சிஸ்டர், சும்மா உட்கார்ந்திருக்கத்தான் வருகிறேன்" என்கிறார். தாய்க்குப் பக்கத்தில் மகளும் உட்கார்ந்திருக்கிறாள். சிவப்பு விளக்கு எரிகிறது. ஒரு நாள் மாலை கரண்ட் போய்விட்டது. அவர்கள் இருவரும் எழுந்து போகவில்லை. இருட்டில் ஆண்டவரோடு இருந்தார்கள்.

அந்த முதல் வகுப்புச் சிறுமியின் கவலைக்கு இதைவிட நல்ல பதில் எங்களுக்குத் தெரியவில்லை.

சிந்தனைக்கு

அ. குழந்தை உள்ளத்துக்கும் குழந்தைத்தனத்துக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள்.

ஆ. மின்தூக்கி உவமையும் மாடிப்படிக் குழந்தை உவமையும் ஒன்றையொன்று எப்படி நிறைவு செய்கின்றன?

இ. இந்த வாரத்தில் நீங்கள் நின்று பார்த்து வியந்தது எது?

ஈ. இருட்டில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ உண்டா? அவருக்குப் பக்கத்தில் நீங்கள் உட்காரலாமா?